திரும்பிய தேதி இல்லாதவள்

துவைக்கப் போட்ட சட்டையில் வேறொருத்தியின் வாசனை அடித்தால் பெண்டாட்டி என்ன செய்வாள் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பிரகாஷின் சட்டையில் கனிமொழிக்கு அடித்தது, தண்ணீர் இல்லாமல் அடுப்பிலேயே காய்ந்த இரும்புச் சட்டியின் வாசனை. சட்டையை வாளியில் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. திரும்பி வந்து காலர், அக்குள், பை என்று ஒவ்வொரு இடமாக மோந்து பார்த்தாள். வலது தோள்பட்டையில் மட்டும் அந்தக் காந்தல் அழுத்தமாக இருந்தது. யாரோ அங்கே கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததுமே சட்டையை மறுபடி வாளிக்குள் விட்டெறிந்தாள்.

கனிமொழிக்குப் பொறாமை கொஞ்சம் தூக்கல்தான், அதை அவளே மறுக்க மாட்டாள். பிரகாஷ் அவளுக்கு அத்தை மகன். பாவாடை கட்டத் தெரியாத வயதிலேயே "பாவா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னால் சுற்றியவள், கல்யாணத்துக்குப் பிறகு மட்டும் விட்டுவிடுவாளா? அவன் சென்னை வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வந்த காலத்தில், கொய்யாப்பழக்காரி அவனுக்கு மட்டும் நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுக்கிறாள் என்று காதில் விழுந்ததும், பெட்டி மாறி ஏறச் சொன்னாள். செய்தி வாசிக்கிற பெண்ணை அவன் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தால் டிவியில் சேனல் மாறிவிடும். பக்கத்து வீட்டுத் தாயம்மாள், "உன் புருஷன மடிச்சி இடுப்புல சொருவிக்கடி, எவளும் எடுத்துக்கினு போவ மாட்டா" என்று கேலி செய்வாள். முடிந்திருந்தால் கனிமொழி அப்படியே செய்திருப்பாள்.

அதனால்தான் இரண்டாயிரத்து எட்டில், பொங்கல் கழிந்த கையோடு, கம்பெனி அவனுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது அவள் மலையேறிப் போய் முருகனுக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். கோயில் படிக்கட்டுக்குப் போகிற தெருவில் வீடு. மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் அரோகரா சத்தமும், திருப்பதி பஸ்ஸின் ஹாரனும், மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனத்தின் வாசனையும் ஒன்றாக உள்ளே வரும். அங்கே கம்ப்யூட்டரை வைத்தார்கள். புருஷன் தலைக்கு மேலேயே இருக்கிறான், நாற்காலியை நகர்த்தினால்கூடக் கீழே கேட்கும். வேறென்ன வேண்டும்?

வேலையும் விசித்திரமான வேலை. இணையத்தில் ஒரு தகவல் சேவை இருந்தது. கேள்வியை அதற்கென்று உள்ள மாதிரியில் எழுதி அனுப்பினால், பதிலை வரிவரியாகக் கட்டம் போட்டுக் கொடுக்கும். மனிதர்கள் போய்த் தங்கியிருந்த விண்வெளி நிலையங்களைப் பற்றிக் கேட்டு வாங்கி, யார் போனார், எந்தக் கலத்தில் போனார், என்று திரும்பினார் என்பதைச் சரிபார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான சிடி ஒன்றுக்குத் தயார் செய்ய வேண்டும். ஆகாயத்தில் எவனெவனோ போனதற்கும் வந்ததற்கும் என் புருஷன் கணக்கு வைக்கிறான் என்று தாயம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

சட்டையை மோந்து பார்த்த மறுநாள், ஆடி பிறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், மாடியில் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. தனியாக இருப்பவன் சிரிக்கிற சிரிப்பில்லை அது. பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்லி, அதற்கு வாய்க்குள்ளேயே சிரிக்கிற சிரிப்பு. கனிமொழி காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, கொலுசு சத்தம் போடாமல், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் தோள் உரச, ஒவ்வொரு படியிலும் நின்று காது கொடுத்து, மேலே போகப் போக அந்தக் காய்ந்த சட்டி வாசனை மூக்கில் ஏற ஏற, மெல்லப் போய்க் கதவைத் தள்ளினாள். அவன் மட்டும்தான் இருந்தான்.

"யார் கூட பேசிகினு இருக்கே பாவா?"

"யாரும் இல்ல. தோ, இத்தப் பாரு." அவன் திரையைக் காட்டினான். "இப்ப மேல நிலையத்துல யார் யார் கீறாங்கன்னு குவெரி போட்டேன். எல்லாம் சரியா வருது. கடைசி வரிய மட்டும் பாரு. பேரு கெடையாது, ஊரு கெடையாது. பொம்பளன்னு மட்டும் போட்டுக்கீது. போன தேதி கீது. திரும்பி வந்த தேதி இல்ல."

"தப்பா ஏறியிருக்கும்."

"ஆங், தப்புதான். கம்பெனில கேட்டேன். அந்த வரியத் தூக்கிடுன்னாங்க."

அவன் தூக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, நிலையத்தின் பெயரை எங்கே மாற்றுவது, தேதியை எங்கே மாற்றுவது, எந்தப் பட்டனை அமுக்குவது என்று ஆசையாகச் சொல்லிக் கொடுத்தான். டைப்ரைட்டிங் படித்தவள், உடனே பிடித்துக்கொண்டாள். அப்போது காதோரம் ஏதோ உரசிக் கூசியது. தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தின் நுனி மேல்நோக்கி எழுந்து நின்றது. கையால் அமுக்கினாள், மறுபடி எழுந்தது. காகிதம் பறக்கும் என்று பிரகாஷ் அந்த அறையில் ஃபேன் போடுவதே இல்லை.

அதற்குப் பிறகு அவன் கீழே இறங்குவது குறைந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான், கையில் சோறு காய்ந்துவிடும்.

"நம்ம கல்யாணத் தேதியப் போட்டுப் பாத்தேன். அன்னிக்கும் அவ கீறா" என்றான் ஒரு நாள். "நீ பொறந்த தேதியப் போட்டேன். அப்ப இந்த நிலையமே கெடையாது, வேற ஒண்ணு இருந்துச்சி. அதுலயும் கீறா. அது எரிஞ்சி கடல்ல வுழுந்து எவ்ளோ காலம் ஆச்சி. நடுவுல ஆளே இல்லாம பூட்டி வச்சிருந்தாங்களே, அந்த நாளுக்குப் போட்டாலும் இவ ஒருத்தி மட்டும் வரா. பாவம். அவள மாத்தி உட இதுவரைக்கும் யாருமே போவல."

பாவம் என்ற அந்த வார்த்தையைக் கனிமொழியால் பொறுக்க முடியவில்லை. "நான் தெனம் வாசல்ல நின்னுகினு உன் ரயிலுக்குப் பாத்துகினு இருந்தேனே, என்னிக்காவது எனக்கு ஒரு பாவம் சொன்னியா? பேரு தெரியாதவளுக்கு சொல்ற!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பது போன்ற பார்வை. "இந்தாம்மா... நீ இன்னாத்துக்குக் கோச்சிக்கிற?" என்றான்.

அவன் எப்போதும் அவளைக் கனி என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கூப்பிடலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஆடி பிறந்ததிலிருந்தே இல்லை. மாடியிலிருந்து "ஏ..." என்று ஆரம்பித்து, கொஞ்சம் தயங்கி, "தண்ணி கொண்டா" என்றுதான் குரல் வந்துகொண்டிருந்தது. அன்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

மாற்றி விடுவது என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய நைனா கஜபதி, திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். கரும்பு அரவை நடக்கும்போது பாய்லரை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது. அடுத்த ஷிப்டுக்காரன் மேலே ஏறி வந்து பக்கத்தில் நின்று, "நான் வந்துட்டேன், நீ எறங்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நிற்பவன் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவான். சொல்ல ஆள் வராவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் இறங்க முடியாது. ஒரு தடவை மாற்று ஆள் வராமல் நைனா இரவும் பகலும் அங்கேயே நின்று, கண் இரத்தமாகச் சிவந்து வீட்டுக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவிடமிருந்து அடுப்பை வாங்கும்போதும், தொட்டிலை வாங்கும்போதும் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சொல்லித் தோளைத் தட்டிக்கொண்டுதான் வளர்ந்தார்கள்.

அந்த வாரமே கரண்ட் போன ஒரு சாயங்காலத்தில், பிரகாஷ் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, மாடியில் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரின் பேட்டரி கத்திக் கத்தி ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவில் எந்த வீட்டிலும் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் மேலே சின்னச் சின்ன விசிறிகள் நிறையச் சேர்ந்து சுற்றுகிற மாதிரி, ஏறாமல் இறங்காமல், மூச்சு வாங்காமல் ஓர் இரைச்சல். காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு படியேறினாள். கடைசிப் படிக்கு வந்தபோது சுடர் ஆடவில்லை, அணையவும் இல்லை. நுனி சுருங்கியது. குறுகிக் குறுகி, பட்டாணி அளவு உருண்டையாகி, நீலமாக நின்றது. கனிமொழி ஒரு படி பின்னால் வைத்தாள். சுடர் மறுபடி மஞ்சளாக நீண்டது. இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குழாயடியில் தாயம்மாள் கேட்டாள். "யாருடி உங்க வூட்டு மாடில? நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தாளே. தலைய விரிச்சிப் போட்டுகினு."

"யாரும் வரலயே ஆயா."

"என் கண்ணால பாத்தேன்டி. முடி கீழ தொங்கல. அப்பிடியே மேல பாத்து நின்னுகினு இருந்துச்சி."

வேறொருத்தியாக இருந்தால் குடத்தைப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு ஓடியிருப்பாள். கனிமொழிக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பொறாமை முன்னால் வந்து நின்றது. ஜன்னலில் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டாளா? என் வீட்டு ஜன்னலில்? இவளை வைத்துக்கொண்டுதானா அவன் என் பெயரை மறந்தான்? பேயாக இருந்தாலும் சரி, பிசாசாக இருந்தாலும் சரி, சக்களத்தி சக்களத்திதான்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று பிரகாஷ் சென்னைக்குப் போனான். போகும்போது தெருவில் நின்று மாடி சன்னலை நிமிர்ந்து பார்த்தான். கனிமொழி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பகல் முழுக்கப் பொறுத்தாள். தெருவில் பூக்காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பம்பைச் சத்தத்தில் சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நசுங்கிய சாமந்தியும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். வயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவது என்றுதான் போனாள். ஆனால் திரை எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் மனம் மாறியது. போடுவதற்கு முன்னால் அவளை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைய தேதியை அடித்தாள். பட்டனை அமுக்கினாள்.

வரிகள் வந்தன. பெயர்கள், ஊர்கள், தேதிகள். கடைசி வரியில் பெயர் இல்லை.

"ஏண்டி, ஒனக்கு அந்த ஒசரத்துல வேற ஆம்பளயே கெடைக்கலயா?" என்றாள். பட்டனை மறுபடி அமுக்கினாள். மற்ற வரிகள் போய்விட்டன. அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. மறுபடி அமுக்கினாள். அதே ஒரு வரி.

கரண்ட் போயிற்று. தெருவிளக்குகள் அணைந்தன. திரை அணையவில்லை.

பம்பைச் சத்தம் நின்றது. தெருவில் நின்றதா, காதுக்குள் நின்றதா, தெரியவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. விசிறி இரைச்சல். சுற்றிலும். சுவருக்குள். காய்ந்த சட்டி வாசனை நாக்கில் ஏறியது. தலைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து எழுந்தது. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டைத் தொடாமல் நின்றன.

மூச்சுச் சத்தம். பின்னங்கழுத்தில்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் பயந்துவிடுவோம் என்று தெரிந்தது. பயந்தால் இவளுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் வாசலில் காத்திருந்ததெல்லாம் நெஞ்சில் ஒன்றாகத் திரண்டது.

"இது என் வூடு" என்றாள். "அவரு எம் புருஷன். இன்னாத்துக்குடி இங்க வந்து நின்னுகினு கீற? தோ, நான் வந்துட்டேன். நீ எறங்கு!"

மூச்சுச் சத்தம் நின்றது.

அப்போதுதான், சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது.

வலது தோளில் ஒரு கை. சில்லென்று. ஒரு தட்டு.

"இல்ல. நான் அத்தச் சொல்லல..."

இன்னொரு தட்டு.

கால் தரையில் இல்லை.

கதவு திறந்தது. படியில் காலடி கேட்டது. நடை பழகும் குழந்தையின் காலடி மாதிரி, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் உடம்பின் கனம் முழுவதையும் வைத்து இறங்கியது. பாதிப் படியில் நின்றது. ஒரு சிரிப்பு. பிறகு கடகடவென்று இறங்கியது.

கனிமொழி கத்தினாள். கத்தல் வாயைத் தாண்டவில்லை. வெள்ளையான, குறுகலான இடம். எங்கும் வயர்கள். மேல் எது, கீழ் எது என்று இல்லை. கையை ஊன்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் போயிற்று. ஒரே ஒரு வட்டச் சன்னல். தடித்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு மாடி அறை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி.

எவ்வளவு நேரம் போனதோ. அந்தப் பக்கம் கரண்ட் வந்தது. எங்கோ கீழே வாசற்கதவு கிறீச்சிட்டது.

"கனி!"

பிரகாஷின் குரல். பழைய குரல், ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுகிற குரல்.

"பாவா! இங்க கீறேன் பாவா!"

"வந்துட்டேன் பாவா" என்று கீழே பதில் வந்தது. கனிமொழியின் குரலிலேயே வந்தது. "இன்னா இன்னிக்கி இவ்ளோ நேரம்?"

இரண்டு பேரும் மேலே வந்தார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் முகம் கண்ணாடி முழுக்க நிறைந்தது, மூக்கின் மேலிருந்த வியர்வைகூடத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். கனிமொழியின் அரக்குப் புடவை. கனிமொழியின் முகம். அவிழ்த்துவிட்ட கூந்தல் நேராகக் கீழே தொங்கியது. அதன் கனத்தை ஆசை தீராமல் கையால் நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோ பாரு கனி, அந்தப் பேரு இல்லாத வரி இன்னும் கீது. போன தேதி மட்டும் இன்னிக்கித் தேதியா மாறிக்கீது. தப்பு மேல தப்பு." அவன் சிரித்தான். "தூக்கிடட்டுமா?"

கனிமொழி கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் வரவில்லை. "பாவா! நான்தான் பாவா! பேரு போடு! எம் பேரு..."

எம் பேரு.

நாக்கில் ஒன்றும் வரவில்லை.

பின்னால் நின்றவள் குனிந்தாள். அவன் வலது தோளில் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் நேராகப் பார்த்தாள். கண்ணோடு கண்.

"இருந்துட்டுப் போவட்டும் உடு" என்றாள். "நீ வா. சோறு ஆறுது."

ஒரே கூப்பிடலுக்கு அவன் எழுந்துகொண்டான். விளக்கை அணைத்தார்கள். படியில் இரண்டு பேரின் காலடிகள் இறங்கின. பிறகு தட்டு வைக்கும் சத்தம், ஏதோ பேச்சு, சிரிப்பு.

இருட்டில் அவள் கழுத்திலிருந்து தாலி மெல்ல எழும்பியது. கயிறு நீண்ட மட்டும் நீண்டு, முகத்துக்கு எதிரே நின்று, தானாகத் திரும்பித் திரும்பிச் சுழன்றது. அதைப் பிடித்து நெஞ்சோடு அமுக்கினாள். கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது.